காலடிக்குக் காத்திருந்த பதின்மூன்று தந்திகள்

ஒகினாவாத் தீவின் கனேஹாமா நகர நாட்டிய நாடக அரங்கில் முப்பத்தாறு ஆண்டுகள் கோத்தோ வாசித்து, இந்த மார்ச் மாதக் கடைசியில் பணி நிறைவு பெறும் ஹெஷிகி கிகுயோ அவர்களுக்கு, உடன் பணியாற்றும் பதினொருவர் வாசித்து அளிக்கும் மடல்

விரல் நுனியால் வேதனையை விளங்கவைத்த வித்தகியே! திரைக்குப் பின்னிருந்து, திரைக்கு முன்னிருந்தோரைத் தேம்பவைத்த தேர்ச்சியே! குரலுக்குக் குளிர்நிழலாய், கூத்துக்குக் குருதியோட்டமாய், கூட இருந்தோர்க்குக் கோபமே அறியாத குணக்குன்றாய் விளங்கிய எங்கள் கிகுயோ அக்கா அவர்களே! வணக்கம்.

மடல் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்றார் எங்கள் தலைமைப் பாடகர் யாபிகு அண்ணன். தொடங்கிவிட்டோம். மேலே சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, ஒன்றைத் தவிர. கோபமே அறியாதவர் என்பது பொய். உங்களுக்குக் கோபம் வரும். வந்தால் குரல் உயராது. கோத்தோவின் தந்திகளுக்கு அடியில் நிற்கும் சின்னக் குதிரைகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு நகர்த்திச் சுருதி சேர்க்கத் தொடங்குவீர்கள். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சுருதியையே இன்னொரு முறை சேர்ப்பீர்கள். அப்போது பக்கத்தில் நிற்பவர் பேசாமல் நழுவிவிட வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிற மடலில் பொய் எதற்கு?

பெருமைக்குரியீர்! இருபத்து நான்கு வயதில், ஆள் நீள மரப்பலகைமேல் பதின்மூன்று தந்தி இழுத்துக் கட்டிய கோத்தோவை உங்கள் அண்ணனின் மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, இந்த அரங்கின் பின்வாசலில் வந்து இறங்கினீர்கள். மூன்று நாள் வாத்தியத்தில் மீன் வாடை அடித்ததாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை ஆட்டம், எத்தனை ஒத்திகை என்று அறிய அலுவலகத்தில் போய்க் கேட்டோம். நடிகர்களுக்குத் தனி ஏடு இருக்கிறது. பாடகர்களுக்கு இருக்கிறது. கோத்தோவுக்கு இல்லை. ‘பின்பாட்டு, மற்றவர்கள்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நீங்கள் ஓர் எண். ஆகவே எண்ணிக்கை எதையும் இம்மடலில் நாங்கள் எழுதவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளில் சுருதி சேராமல் ஒரு நாளும் ஆட்டம் தொடங்கியதில்லை என்று மட்டும் எழுதுகிறோம். அதற்கு ஏடு தேவையில்லை, நாங்களே சாட்சி.

நம் குமியோதோரி நாடகத்தில் பின்பாட்டுக்காரர்கள் முன்பெல்லாம் வண்ணத் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அரங்கைப் புதுப்பித்தபோது, பாடுகிறவர்களும் மக்கள் கண்ணில் படட்டும் என்று மேடையின் பக்கவாட்டில் கொண்டுவந்து அமர்த்தினார்கள். சன்ஷினின் மூன்று தந்தியை மீட்டியபடி பாடும் மூவர் வெளியே வந்தார்கள். குழல் வந்தது. வில்லிட்டு இழுக்கும் வாத்தியம் வந்தது. முரசு வந்தது. கோத்தோ வரவில்லை. ஆண்கள் ஆடும் நாடகத்தில் பெண் ஒருத்தி மேடைமேல் தெரிந்தால் கண்ணை உறுத்தும் என்று அந்நாளைய நிர்வாகம் முடிவு செய்தது. கண்ணை உறுத்துமாம்! காதுக்கு இனித்தது கண்ணுக்கு எப்படி உறுத்தும் என்று கேட்க அன்று ஒரு வாய்கூட இல்லை. பின்னாளில் நாங்கள் கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள்.

“வெளிய வந்தா நேரா நிமிந்து ஒக்காரணும். இங்க கால் மரத்துப்போச்சுன்னா நீட்டிக்கலாம், ஆட்டம் நடுவுல மிட்டாய் திங்கலாம். யாபிகுவால முடியுமா?”

“மிட்டாய் தின்னுக்கிட்டே எப்படிப் பாடுறது?” என்றார் யாபிகு அண்ணன்.

“அதான் சொல்றேன். உன் பொழப்பு அப்படி.”

எல்லோரும் சிரித்தார்கள். எங்களில் சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு நாடகத்துக்கு வாசித்துவிட்டு, சபை கூடிய ஆட்டம் ஒன்றைக்கூட முன்னாலிருந்து பார்க்காத ஒருவரை இன்று வழியனுப்புகிறோம். இதைப் பெருமை என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டோம்.

இசையின் இதயமே! நம் நாடகத்தில் நடிகர் அழக்கூடாது. முகம் சுளிக்கக்கூடாது, மார்பில் அடித்துக்கொள்ளக்கூடாது. அளந்து வைத்த சொற்களை அளந்த இழுவையில் சொல்லி முடித்து அப்படியே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் பொங்குவதெல்லாம் பாட்டின் பாடு. அதனால்தான் நம் ஊரில் மூத்தவர்கள் நுழைவுச் சீட்டு வாங்கும்போது நாடகம் கேட்க வந்தோம் என்கிறார்கள். பார்க்க வந்தோம் என்று சொல்வதில்லை. படகுத்துறைத் தாயின் நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையைத் துறையில் தொலைத்த தாய், மேடையின் பின்மூலையிலிருந்து முன்மூலைக்கு ஒன்பது எட்டு நடக்கிறாள். செய்வது அவ்வளவே. ஒன்பது எட்டு. யாபிகு அண்ணனின் பாட்டு அவளுக்காக அழுகிறது. அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில், குரலும் இல்லை, சன்ஷினும் இல்லை என்று ஆகும் அந்த இடைவெளியில், உங்கள் கோத்தோ மெல்ல நுழைந்து அவள் காலைத் தாங்கிக்கொள்கிறது. பாட்டு தலைவன், கோத்தோ தொண்டன் என்று பாடம் சொல்கிறவர்கள் சொல்வார்கள். மூச்சு வாங்கும் நேரத்தில் யார் தலைவர் என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

உங்களால் நடிகரைப் பார்க்க முடியாது. நடுவில் திரை. நீங்கள் காலடியைக் கேட்டீர்கள். வெள்ளைக் காலுறை மரத்தரையை உரசும் ஓசை, ஒரு கோழி இறகு விழுகிற அளவு ஓசை, அதைக் கேட்டு வாசித்தீர்கள். இன்றைக்கு நடக்கிறவர் எப்படி நடக்கிறாரோ அப்படி.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய ஆட்டம். தாயாக ஆடிய சினென் தொகுசெய் ஐயா, ஐந்தாவது எட்டில் வலது முட்டி பிசகி, தரையில் ஒரு கை ஊன்றி அமர்ந்துவிட்டார். பாடகர் மூவரும் பாட்டின் அடியைப் பாடி முடித்துவிட்டார்கள். அடுத்த அடியை அவர் எழாமல் எடுக்க முடியாது. திரைக்குப் பின்னாலிருந்து நீங்கள் அந்தச் சின்னத் துணுக்கை மறுபடி வாசித்தீர்கள். இன்னொரு முறை. மூன்றாம் முறை இன்னும் மெதுவாக. கால் மறுபடி தரையை உரசும் ஓசை கேட்டபிறகுதான் விட்டீர்கள். சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துக்கம் தாங்காமல் தாய் விழுந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் நாளிதழில், ‘சினெனின் மறக்க முடியாத வீழ்ச்சி’ என்று அரைப் பக்கம். உங்கள் பெயர் ஒரு வரியிலும் இல்லை.

சினென் ஐயா அந்தத் தாளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார்.

“இந்தா தங்கச்சி. ஒன் பேரையும் சேத்துட்டேன்.”

பார்த்தால், தம் பெயருக்கு மேலே பேனாவால் உங்கள் பெயரை எழுதியிருந்தார். அச்செழுத்தைவிடப் பெரிய எழுத்து.

“என் பேர்ல ஒரு எழுத்தத் தப்பா எழுதிருக்கீங்களே அண்ணே!”

“முட்டி வலில எழுதுனது. கண்டுக்காத.”

இந்த அரங்கம் உங்களுக்கு அளித்த ஒரே பத்திரிகைச் செய்தி அதுதான். பேனாவால் எழுதியது, அதுவும் பிழையோடு.

சான்றாண்மைச் சுடரே! இனிச் சொல்லப்போவது பாராட்டு மடல்களில் வராத செய்தி. ஆனால் இதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்ட எங்களுக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாக அதிகாரி ஒயாதோமாரி ஐயா பொறுத்தருள வேண்டும்.

கடந்த அக்டோபரில், உங்கள் இடத்துக்கு இனி ஆள் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. நகராட்சி ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது; பாடகரைக் குறைக்க முடியாது, முரசைக் குறைக்க முடியாது; கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றுதான் இருக்கிறது. கோத்தோவை ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம் என்றார் ஒயாதோமாரி ஐயா.

“பன்னெண்டு பாட்டு, மூணு நாள் வேல. எப்படியும் நீங்க திரைக்குப் பின்னாடிதானே இருக்கீங்க கிகுயோம்மா? அங்கேருந்து வந்தா என்ன, பெட்டிலேருந்து வந்தா என்ன? கேக்குறவங்களுக்குத் தெரியவா போகுது?”

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் திரைக்குப் பின்னாலேயே விட்டுவைத்ததன் பலன் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. மறைத்து வைத்த ஆளை இல்லாமல் செய்வது எளிது.

நீங்கள் மறுப்பீர்கள் என்று காத்திருந்தோம். நீங்கள் தலையாட்டினீர்கள். யாபிகு அண்ணன் கொதித்துப்போனார்.

“ஏன் கிகுயோ, ஒன் எடத்த நீயே மண்ணப் போட்டு மூடுவியா?”

“மூடல. எனக்கு நிறுத்தணும்பா. அவ்ளோதான்.”

சொல்லிவிட்டுக் குதிரைகளை நகர்த்தத் தொடங்கினீர்கள். நாங்கள் நழுவிவிட்டோம். ஏன் நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் எங்களுடையது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் முதல் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் யாபிகு அண்ணன் பாடினார். நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் கையை எடுத்துவிட்டீர்கள்.

“யாரு நடக்கிறது?” என்று கேட்டீர்கள்.

ஒலிப்பதிவாளருக்குப் புரியவில்லை. “யாரும் நடக்க வேணாங்க. நமக்குச் சத்தம் மட்டும் போதும்.”

“அப்ப நான் யாருக்கு வாசிக்கிறது?”

கடைசியில் சினென் ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். எழுபத்து நான்கு வயதில், கையில் காலுறையோடு வந்து சேர்ந்தார். நடந்தார், சத்தமே இல்லை, கூடம் முழுக்கக் கம்பளம். கம்பளத்தைச் சுருட்டினார்கள், கீழே சிமெண்டு. எங்கிருந்தோ பலகைகள் கொண்டுவந்து விரித்தார்கள். மூன்று நாள் சினென் ஐயா அந்தப் பலகைமேல் நடந்தார். தாயாக நடந்தார், மகளாக நடந்தார், பழிவாங்கப் புறப்பட்ட அண்ணன் தம்பி இருவராகவும் நடந்தார். “சம்பளத்துல இருந்தப்பகூட இவ்ளோ நடந்ததில்ல” என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பன்னிரண்டு பாட்டும் பதிவாயின. கேட்டால், கேட்டவர் மெய்ம்மறக்கும்படி இருந்தன.

டிசம்பரில் வெள்ளோட்டம். நகராட்சியிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நீங்கள் முதன்முறையாகத் திரைக்கு முன்னால், நாற்காலியில், எங்களில் ஆட்டத்தில் இல்லாதவர்களோடு. தாயின் வேடத்தில் மாகிஷி. அவருக்கு இருபத்தாறு வயது, நெடுநெடுவென்ற உயரம், பழுதில்லாத முட்டி. மற்ற வாத்தியங்களும் பாட்டும் நேரில். கோத்தோ மட்டும் சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நன்றாகத்தான் போனது. ஐந்தாவது எட்டில் யாபிகு அண்ணன் மூச்சு வாங்கினார். மாகிஷி காலை எடுத்துவிட்டார். பெட்டியிலிருந்து வரவேண்டிய கோத்தோ வரவில்லை. தூக்கிய காலை வைக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் வயல் நாரைபோல் அவர் நிற்க, வெகுநேரம் கழித்து, அழகாக, மிக அழகாக, உங்கள் கோத்தோ நுழைந்தது. அதற்குள் மாகிஷி காலை ஊன்றிவிட்டார். நகராட்சிக்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அதற்குப் பிறகு ஓர் எட்டும் ஒட்டவில்லை. தாய் முன்மூலைக்கு வந்து சேர்ந்து, தன் துக்கம் பின்னால் வந்து சேருவதற்காகப் பேருந்துக்கு நிற்பவள்போல் நின்றாள்.

வேடத்தைக் கலைக்காமலே மாகிஷி நேரே உங்களிடம் வந்தார்.

“அக்கா, அது அம்மாவோட துக்கம் இல்லக்கா. சினென் ஐயாவோட முட்டி.”

“என் முட்டிக்கு என்னடா?” என்று மூன்றாம் வரிசையிலிருந்து குரல் வந்தது. “ஒன் வயசவிட ரெண்டு மடங்கு காலம் மேடையில நின்ன முட்டி அது!”

உண்மை அதுதான். வலது முட்டி மடங்கி நிமிர ஆகும் அந்த நேரத்துக்கும் சேர்த்தே நீங்கள் வாசித்திருந்தீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை. எதிரில் நடந்த காலுக்கு வாசித்தீர்கள், வேறு விதமாய் வாசிக்க உங்களுக்குத் தெரியாது. ஒருவர் முட்டிவலியைப் பன்னிரண்டு பாட்டிலும் பத்திரமாகப் பதிந்து வைத்திருக்கிறது நம் அரங்கம்.

ஒயாதோமாரி ஐயா விடவில்லை. “சரி, மாகிஷியையே நடக்கவெச்சு இன்னொரு தடவ பதிஞ்சிட்டாப் போச்சு.”

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். “நாளைக்கு இவன் கல்யாணம் கட்டிக்கிட்டு சந்தோஷமா வந்து நடப்பான். நாளான்னைக்கு அவகூட சண்ட போட்டுட்டு வந்து நடப்பான். ஒவ்வொண்ணுக்கும் பதிவீங்களா ஐயா?”

எல்லோரும் சிரித்தோம். நகராட்சிக்காரர்களும் சிரித்தார்கள். பெட்டி தோற்றது, வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். அப்போது ஒயாதோமாரி ஐயா எழுந்து, அப்படியானால் கிகுயோம்மா ஓய்வு பெற்றபிறகும் ஆட்டத்துக்கு ஆட்டம் வந்து வாசித்துக் கொடுக்கட்டும், ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், ஆள் எடுத்ததாகவும் ஆகாது, கோத்தோவும் இருக்கும் என்றார். நாங்கள் கைதட்டினோம்.

ஆமாம், நாங்கள்தான். பதினொரு பேரும். யாபிகு அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தார். மாகிஷி உங்கள் காலடியில் உட்கார்ந்து கும்பிட்டார். நீங்கள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள்.

“சரி” என்றீர்கள்.

அன்று மாலை நாடகக் குழுவோடு நீங்கள் ஒரு பாட்டு வாசித்துக் காட்டினீர்கள். பிறகு பின்கட்டுக் கைகழுவும் இடத்தில், வலது கையைச் சுடுநீர்க் குழாயின் கீழே நீட்டியபடி நீங்கள் நின்றதை எங்களில் ஒருத்தி பார்த்தாள். வாசிக்கும்போது கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் யானைத்தந்த நகம் இன்னும் விரலிலேயே இருந்தது. வீங்கிய விரலிலிருந்து அதைக் கழற்ற உங்களால் முடியவில்லை.

“இத இழு” என்றீர்கள். “மெதுவா. இல்ல, மெதுவா வேணாம். ஒரே இழு.”

அவள் இழுத்தாள். உங்கள் உதடு மட்டும் உள்ளே மடிந்தது.

“எவ்ளோ நாளா அக்கா?”

“மூணு வருஷம். டாக்டர் அப்பவே நிறுத்தச் சொன்னார். யார்கிட்டயும் சொல்லாத.”

அவள் சொன்னாள். எல்லோரிடமும் சொன்னாள். அதற்காக மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

மறுநாள் மதியம் எதிர்த்த கடையில், பன்றி விலா போட்ட சோபா நூடுல்ஸ் கிண்ணங்கள் ஆறிக்கொண்டிருக்க, பதினொரு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். யாபிகு அண்ணன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

“பெட்டி நல்லாருக்காதுன்னு அவ வெரலக் கேக்குறோம். அந்த அதிகாரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?”

“அப்ப என்னதான் பண்றது அண்ணே? பெட்டியும் வேணாம், அக்காவும் வேணாம்னா?” என்றார் மாகிஷி.

“ஒண்ணும் பண்ண வேணாம்” என்றாள் குழாயடியில் பார்த்தவள். “ஆள் இல்லன்னா இல்லன்னு கேக்கட்டும். கோத்தோ வர்ற எடத்துல சும்மா இருப்போம்.”

“சும்மா இருந்தா ஆட்டம் நல்லாருக்காதே.”

“ஆமா. நல்லாருக்காது. அதான்.”

அந்த வாரமே ஒயாதோமாரி ஐயாவின் அறைக்குப் போய், கோத்தோவுக்குப் புது ஆள் எடுங்கள் என்றோம். அவரும் பாவம், மேலேயிருந்து வாங்கிக் கட்டிக்கொள்பவர். “நகராட்சி ஆளக் கொறைன்னுது, நீங்க எடுங்கறீங்க. நான் எங்கய்யா போவேன்?” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

“நீங்க ஒண்ணும் போக வேணாம் ஐயா” என்றார் யாபிகு அண்ணன். “வசந்தகால ஆட்டத்துக்கு நகராட்சிக்காரங்களக் கூப்பிடுங்க. முன்வரிசையில ஒக்காரவைங்க. கோத்தோ எங்கன்னு கேட்டா, இல்லன்னு சொல்லுங்க.”

“பாக்குறவங்க என்னத்தானே கேப்பாங்க!”

“கேக்கட்டும் ஐயா. கேக்கத்தானே வர்றாங்க.”

அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நிகழ்ச்சித் தாளில் ‘கோத்தோ: ஆள் இல்லை’ என்று அச்சிட மட்டும் ஒப்புக்கொண்டார். இனி வருகிறவர் ஆணோ பெண்ணோ, திரைக்கு முன்னால்தான் உட்கார வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது ‘ஆலோசனையில்’ இருக்கிறதாம். இருக்கட்டும். வாராவாரம் போய்க் கேட்போம்.

செவிச்செல்வம் மிக்கீர்! போன செவ்வாய்க்கிழமை நீங்கள் விடுப்பில் இருந்தபோது, உங்களுக்குத் தெரியாமல், கோத்தோ இல்லாமல் ஒத்திகை பார்த்தோம். மாகிஷி பின்மூலையிலிருந்து புறப்பட்டார். பாட்டு எழுந்தது. ஐந்தாவது எட்டில் யாபிகு அண்ணன் மூச்சு வாங்க நிறுத்தினார். கோத்தோ வர வேண்டிய இடம். வரவில்லை. அரங்கு முழுக்க ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரு மெல்லிய ஓசை கேட்டது: காலுறை மரத்தை உரசுகிற ஓசை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனையோ ஆண்டுகளாக இந்த மேடையில் இருக்கிறோம், யாபிகு அண்ணன் முப்பது ஆண்டாக இருக்கிறார், அந்த ஓசையை நாங்கள் கேட்டதே இல்லை. கேட்க விடாமல் அதன்மேல் நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணனால் பாட்டின் அடுத்த அடியை எடுக்க முடியவில்லை. வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போய்ட்டாய்யா அவ” என்றார்.

பாட்டு நடிகருக்காக அழும் என்று பெருமையாக எழுதினோம். பாட்டுக்காக யார் அழுவது என்று அன்று தெரிந்தது.

சொன்ன சொல் தவறாத சீலத்தீர்! அந்தக் குணத்தை முப்பத்தாறு ஆண்டு போற்றினோம். இப்போது அதைக் கண்டுதான் பயப்படுகிறோம். ஒப்பந்தத் தாள் உங்கள் கைப்பையில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ‘சரி’ என்று சொல்லிவிட்டீர்கள், ஆகவே கொடுத்துவிடுவீர்கள், கட்டைவிரல் மொத்தமாய்ப் போகும்வரை வந்துகொண்டிருப்பீர்கள், எங்களிடம் மிட்டாய்க் கதை சொல்வீர்கள். அந்தச் ‘சரி’யை நாங்கள் கைதட்டி வாங்கினோம். கைதட்டிய நாங்களே, இதோ, சபை அறியத் திருப்பித் தருகிறோம். உங்கள் வாக்கிலிருந்து நீங்கள் தவறவில்லை. வாங்கியவர்கள் வேண்டாம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி வாழ்த்துவது எங்கள் முறை. வளம் குன்றாது, நலம் குன்றாது, நூறாண்டும் அதற்கப்பாலும் வாழ்க நீவிர்! காலை ஒன்பது மணி ஒத்திகைக்குப் பேருந்தைத் துரத்தாமல், கடற்காற்றில் பாகற்பந்தலின் கீழ் மல்லிகைத் தேநீர் ஆறும்வரை அமர்ந்திருக்க வாழ்க! வலி மறந்த விரலோடு, வசை அறியா வாயோடு, வாசித்தே ஆக வேண்டும் என்ற வற்புறுத்தல் இல்லாத வைகறைகளோடு வாழ்க! கோத்தோவைத் தொட வேண்டும் என்று தோன்றினால் தொடுங்கள், தோன்றாவிட்டால் துணி போட்டு மூடுங்கள். வசந்தகால ஆட்டத்துக்கு ஒரு நாற்காலி உங்களுக்காக இருக்கும். வந்தாலும் வாழ்த்து, வராவிட்டாலும் வாழ்த்து. ஆட்டம் மோசமாயிருந்தது என்று யாராவது உங்களிடம் வந்து சொல்வார்கள். இரக்கப்பட்டுவிட வேண்டாம். அது மோசமாகத்தான் இருக்கும், இன்னொருவர் வந்து அமரும்வரை. அந்த மோசத்தைச் சுமக்க வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் உங்களை அழைக்க மாட்டோம். அழைத்தால் எடுக்காதீர்கள்.

அக்கா, இந்த மடலின் கீழே எங்கள் பதினொரு பேருடைய கையெழுத்தும் இருக்கிறது. அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து வேண்டாம்.

என்றும் உங்கள் காலடியோசை கேட்க விரும்பும்,
கனேஹாமா நகர நாட்டிய நாடக அரங்கின்
பாடகர், வாத்தியக்காரர், நடிகர், ஒப்பனையாளர், அலுவலகத்தார் பதினொருவர்